முதுகுக்குள் போன கடிதம்

பெத்ரோனாவைப் பற்றி எங்கள் தெருவில் இரண்டு விதமாகப் பேசுவார்கள். கைக்கு வந்ததைக் காலால் எட்டி உதைத்தவள் என்று ஒரு கூட்டம் உதட்டைப் பிதுக்கும். இன்னொரு கூட்டம் வாயைத் திறக்காது. ஆனால் பிய்ந்துபோன ஜெபப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு நேரே அவள் கடைக்குத்தான் போகும். நான் இரண்டாவது கூட்டம். முதல் கூட்டத்தில் பாதிப்பேர் வீட்டில் புத்தகமே கிடையாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

ஆள் குள்ளம். மணிக்கட்டு மட்டும் தச்சனுடையது மாதிரி தடித்திருக்கும். முப்பது வருஷம் தையல் சட்டத்தின் முன்னால் உட்கார்ந்து புத்தகம் தைத்ததில் இடது தோள் வலது தோளைவிட இரண்டு விரல் உயர்ந்துவிட்டது. புரூஜ் நகரத்தில் தோல் பதனிடுகிறவரின் மகள். அந்த நாற்றத்திலிருந்து தப்பிக்கத்தான் பைண்டிங்காரன் பவுல்ஸைக் கட்டிக்கொண்டேன், வந்து பார்த்தால் இங்கேயும் தோல்தான் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். இரண்டு பெண்களைப் பெற்று வளர்த்து வெளியூரில் கட்டிக்கொடுத்துவிட்டாள். ஃப்ளெமிஷ் மொழியை எழுத்துக்கூட்டி வாசிப்பாள். பிரெஞ்சு தெரியாது. ஆனால் பிரெஞ்சுப் புத்தகத்தையும் ஒரு தாள் இடம் மாறாமல் தைத்துவிடுவாள்.

அவள் கடையில் ஓர் ஒழுங்கு உண்டு. தாள்களை வைத்து இறுக்குகிற திருகுப்பலகைக்கு இடது பக்கம் கழிவு. பழைய பத்திரம், கிழிந்த பாட்டுப் புத்தகம் என்று இனி யாருக்கும் வேண்டாத தோல்தாளெல்லாம் அங்கே கிடக்கும். புத்தகத்தின் முதுகில், மேலுறைக்கு உள்ளே ஒட்ட, அதைத்தான் கீற்றுக் கீற்றாக வெட்டுவார்கள். வெட்டி மிஞ்சிய துண்டுகள் பசைப்பானைக்குப் போகும். கொதித்துக் கரைந்து பசையாகிவிடும். திருகுப்பலகைக்கு வலது பக்கம் இருப்பது ஊரார் பொருள். "இடது பக்கம் எனக்கு, வலது பக்கம் ஊருக்கு" என்பாள். முப்பது வருஷத்தில் ஒரே ஒரு தடவைதான் அந்த ஒழுங்கு தவறியது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

வெள்ளிநாரை வீரர் சபை என்று ஒன்று அப்போது இருந்தது. முப்பது பிரபுக்கள். கழுத்தில் வெள்ளிநாரை தொங்கும் சங்கிலி, ஆளுக்கொரு விதிப்புத்தகம். யார் முன்னால் நடப்பது, எந்தத் திருநாளில் சிவப்பு அங்கி, எதில் கறுப்பு, விதவையையும் ஏழையையும் எப்படிக் காப்பது என்று கன்றுத்தோலில் அழகாக எழுதி, பொன் பூசி, ஓரமெல்லாம் நாரைகள் வரைந்திருக்கும். அங்கி விஷயத்தில் விதி பிசகியதாக நான் கேள்விப்பட்டதில்லை. ஏழை விஷயத்தைப் பற்றிக் கேட்காதீர்கள். சபையில் ஒருவர் இறந்தால் மூன்று மாதத்துக்குள் வாரிசுகள் சங்கிலியையும் புத்தகத்தையும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். புதிதாகச் சேருகிறவருக்கு அதே புத்தகம் போகும். அதற்குப் பிறகு அது வெளியே வர வேண்டுமானால் அவரும் சாக வேண்டும்.

அந்த வருஷம் வெல்டர்கெம் கிழவர் பிரபு இறந்தார். அவருடைய தம்பி மகனையே அவர் இடத்துக்குத் தேர்ந்தெடுத்தார்கள். புத்தகத்துக்குப் புது வெல்வெட் உறை போடச் சொல்லி பவுல்ஸ் கடைக்கு அனுப்பினார்கள். இந்த ஒரு வேலைக்காக பவுல்ஸ் பத்து வருஷம் சபை எழுத்தர்களுக்குக் குனிந்து வணக்கம் போட்டிருக்கிறான். இது நன்றாக அமைந்துவிட்டால் முப்பது புத்தகமும் இனி இந்தக் கடைதான். கேட்ட சந்தோஷமோ என்னவோ, மறுநாளே மனிதன் காய்ச்சலில் விழுந்தான். மாடியில் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டே அவன் உத்தரவு போட, கீழே வேலையெல்லாம் பெத்ரோனா தலையில் விழுந்தது.

அதே வாரம் திங்கட்கிழமைதான் கோதலீவா வந்தாள். ஐம்பத்தைந்து வயது, வெல்டர்கெம் மாளிகையில் வேலை செய்தவள். கிழவர் பிரபு படுத்த படுக்கையாகக் கிடந்த இரண்டு குளிர்காலமும் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டவள். சாவதற்குமுன் அவர், கால்வாய் மதகோரம் இருக்கும் சின்ன வீட்டில் அவள் ஆயுசு முழுக்க இருந்துகொள்ளலாம் என்று தம் கைப்படத் தோல்தாளில் எழுதிக் கொடுத்திருந்தார். புதுப் பிரபுவுக்கு அந்த வீடு தம் வேட்டைநாய்க்காரனுக்கு வேண்டும். விஷயம் ஊர்மன்றத்துக்குப் போயிற்று. வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு எழுத்தைக் கொண்டுவந்து காட்டு, இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமைக்குள் வீட்டைக் காலி செய் என்றார்கள் மன்றத்தார். அவளோ கடிதத்தைக் கூரைக்குள் செருகி வைத்திருந்தாள். கூரை ஒழுகியிருந்தது.

"இதப் பாரேன் பெத்ரோனா. காஞ்ச கோஸ் இலையாட்டம் சுருண்டு கெடக்கு. இத நீட்டினா மன்றத்து ஐயாமாருங்க சிரிப்பாங்க."

"அதெல்லாம் நிமித்திடலாம்க்கா. ஈரத்துணி போட்டுப் பலகைக்குள்ள வச்சு இறுக்கிடறேன். வெள்ளிக்கிழமை காலையில வந்து வாங்கிக்க."

"பத்திரம்டி. என் கூரையே அதுலதான் இருக்கு."

"அது உன் கூரையில இருந்துதானேக்கா இந்தக் கதியாச்சு" என்று பெத்ரோனா சிரித்தாள். அவளைக் கட்டிக்கொண்டு கோதலீவாவும் சிரித்தாள். வேறு கடிதமாக இருந்தால் வலது பக்கம் வைத்திருப்பாள். இது திருகுப்பலகைக்குள்ளேயே போயிற்று.

புதன்கிழமை விதிப்புத்தகத்தின் முதுகுக்குக் கீற்று ஒட்ட வேண்டியிருந்தது. இடது பக்கத்துக் கழிவெல்லாம் தடித்த தாள். வெல்வெட்டுக்கு அடியில் அதை வைத்தால் புடைத்துக்கொண்டு தெரியும். மெல்லிய தாள் இல்லையே என்று அவள் முணுமுணுத்தது மாடிக்குக் கேட்டுவிட்டது. "பலகைக்குள்ள மெல்லிசா ஒண்ணு வச்சிருக்கேன், எடுத்துக்கோடி" என்று பவுல்ஸ் குரல் கொடுத்தான். அவள் திருகைத் தளர்த்தினாள். மெல்லிய தாள் ஒன்று, எழுதாத பக்கம் மேலே தெரிய, மெத்தென்று கிடந்தது. மூன்று நாளாகச் சரியான தூக்கம் கிடையாது. கத்தியை எடுத்து ஆறு கீற்றாக வெட்டினாள், ஓரத்தை நறுக்கிச் சமன் செய்தாள், மாவுப்பசை தடவி முதுகில் ஒட்டினாள். நறுக்கிய ஓரங்கள் வழக்கம்போல் பானைக்குப் போயின. மறுநாள் சிவப்பு வெல்வெட்டைப் போர்த்தி வெள்ளிக் குமிழ்களை அடித்து முடித்தபோது, இத்தனை அழகாக அந்தக் கடையிலிருந்து ஒரு புத்தகமும் போனதில்லை என்று அவளுக்கே தோன்றியது.

வெள்ளிக்கிழமை காலை ஏழரை மணிக்கு மரச்செருப்பு டொக்கு டொக்கென்று ஒலிக்க, ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியைப் போட்டுக்கொண்டு கோதலீவா வந்து நின்றாள்.

"நிமிந்துச்சாடி?"

"நிமிராம எங்க போகும்" என்று பெத்ரோனா திருகைச் சுழற்றினாள். மேல் பலகையைத் தூக்கினாள். கம்பளித் துணியை விலக்கினாள். கீழே ஒரு தாள் இருந்தது. அதில் சதுரம் சதுரமாகப் பாட்டுக் குறிகள். பவுல்ஸ் சொன்ன தாள். அது மட்டும்தான் இருந்தது.

அவள் கை அப்படியே நின்றுவிட்டது. கண் மட்டும் மெல்ல நகர்ந்து மேஜைமேல் இருந்த சிவப்புப் புத்தகத்திடம் போனது.

"என்னடி?"

"இன்னும் காயலக்கா." வாய் தானாகச் சொல்லிவிட்டது. "ஈரமா இருக்கு. ஒரு ரெண்டு மணி நேரம்..."

"பதினோரு மணிக்குத்தானே. உக்காந்துக்கறேன்." கோதலீவா முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். மடியிலிருந்து கறுப்பு ரொட்டியை எடுத்துப் பிட்டு, பாதியை நீட்டினாள். பெத்ரோனா அதை வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

எட்டு மணிக்குச் சபையின் பொருள்களுக்குப் பொறுப்பான கட்டியக்காரர் புத்தகத்தை வாங்க வருகிறார். பன்னிரண்டு மணிக்குக் கெண்ட் நகரத்துக்குப் படகு. ஞாயிற்றுக்கிழமை புதுப் பிரபு அந்தப் புத்தகத்தின்மேல் கை வைத்து உறுதிமொழி எடுக்கிறார். கோதலீவாவை வீட்டைவிட்டுத் துரத்துகிறவரின் கைக்குள்ளேயே கோதலீவாவின் வீடு போய் உட்கார்ந்துகொள்ளப்போகிறது. அவர் சாகிற வரைக்கும் திரும்பி வராது. வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. தாள் அழுகிப்போச்சுக்கா, நனைஞ்ச தாள்தானே என்றால் கோதலீவா நம்பிவிடுவாள். நம்பிவிடுவாளே என்பதுதான் பெத்ரோனாவுக்குத் தாங்கவில்லை.

கட்டியக்காரர் கில்லிஸ் மணி அடித்து முடிப்பதற்குள் வந்துவிட்டார். ஒட்டின கன்னம், நுனி சிவந்த மூக்கு. பாலத்தைக் கடந்தால் படிகளை எண்ணாமல் வரமாட்டார் என்று ஊரில் கேலி செய்வார்கள். புத்தகத்தை எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"குமிழ் பத்து. கொக்கி ரெண்டு. நல்லா வந்திருக்கு. உன் புருஷன் கை நல்ல கை."

"அவருக்குக் காய்ச்சலுங்க ஐயா. நான்தான் செஞ்சேன்."

"அப்படியா" என்றார், புருவத்தை மட்டும் தூக்கி. பிறகு உட்கார்ந்து தாள்களை எண்ண ஆரம்பித்தார். பன்னிரண்டாம் தாளில் விரல் நின்றது. புத்தகத்தைத் தம் பக்கமே சாய்த்து வைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"இங்க ஒரு கறை இருக்கு. மெழுகு. ஒப்படைச்ச பட்டியல்ல இது இல்லையே."

"வரும்போதே இருந்ததுங்க ஐயா."

"பட்டியல்ல இல்ல. அப்படின்னா இந்தக் கடையில பட்டதுன்னுதான் நான் எழுதணும்."

"ஐயா, அத அவ தலையில கட்டாதீங்க." முக்காலியிலிருந்து கோதலீவா எழுந்தாள். "அது நான் பண்ணது. கீழ் ஓரத்துல, அவரைக்கொட்டை அளவுக்கு இருக்கும், பாருங்க. அதுக்கு மேல கரியோட ஒரு கட்டைவிரல் பதிஞ்சிருக்கும். குறுக்க ஒரு கோடு ஓடும். ஹெர்ரிங் மீன் வெட்டினப்ப பட்ட காயம் அது." கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள். "பெரியவருக்குத் தூக்கம் வராது. வாசிக்கச் சொல்லி எழுத்தரைக் கூப்பிடுவாரு. நான்தான் மெழுகுவத்தி பிடிப்பேன். ஒரு நாள் கண்ணசந்துட்டேன். சொட்டிருச்சு. துடைக்கப்போய் விரலையும் வச்சுத் தொலைச்சேன். அவரு சிரிச்சாரு."

கில்லிஸ் தாளைப் பார்த்தார். அவள் விரலைப் பார்த்தார். "ம்" என்று மட்டும் சொல்லிவிட்டு எண்ணத் தொடங்கினார்.

பெத்ரோனா கோதலீவாவைப் பார்த்தாள். கறை என் தலையில் விழக் கூடாதென்று எழுந்து நிற்கிறாளே இந்த மனுஷி. இன்னும் மூன்று மணி நேரத்தில் இவள் வீடு கைவிட்டுப் போய்விடும். அதைச் செய்தது நான். மாடியில் பவுல்ஸ் இருமினான். முப்பது புத்தகம். பத்து வருஷம் போட்ட வணக்கம்.

"எண்பத்தெட்டு. சரியா இருக்கு." கில்லிஸ் கடைசித் தாளைத் திறந்து, இடுப்பிலிருந்து மைக்கூட்டை எடுத்து வைத்தார். "நான் இதுல கையெழுத்துப் போடணும். தாள் இத்தனை, குமிழ் இத்தனை, சபைக்குச் சொந்தமில்லாத எதுவும் இதுக்குள்ள இல்லைன்னு. சாதாரணக் கையெழுத்து இல்ல. சத்தியம்." பேனாவை மையில் தோய்த்தார்.

"ஐயா, போடாதீங்க."

பேனா நின்றது.

"அதுக்குள்ள இருக்கு. சபைக்குச் சொந்தமில்லாதது. முதுகுல. இந்த அக்காவோட கடிதத்தைத் தெரியாம வெட்டி ஒட்டிட்டேன்."

கோதலீவா வாயிலிருந்த ரொட்டியை விழுங்கவில்லை. கில்லிஸ் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, வாசலை ஒரு முறை பார்த்தார்.

"நீ சொன்னது என் காதுல விழல" என்றார் தணிந்த குரலில். "இந்த மூக்கடைப்புல எனக்குக் காதும் சரியாக் கேக்கறதில்ல. இன்னொரு தடவ சொன்னா கேட்டதா ஆயிடும். கேட்டுட்டா நான் கையெழுத்துப் போட முடியாது. புத்தகத்தைப் பிரிக்கணும். பிரிச்சா ஞாயித்துக்கிழமை கிழிஞ்ச முதுகோட போகும். உன் புருஷனுக்கு அப்புறம் சபையில ஒரு தாள்கூடக் கிடைக்காது. யோசிச்சுச் சொல்லு."

இதுவரை நான் அவரைக் கேலி செய்ததெல்லாம் இருக்கட்டும். அந்த நிமிஷம் அவர் அவளுக்கு ஒரு கதவைத் திறந்து வைத்தார் என்பது உண்மை. பெத்ரோனா அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கோதலீவா அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கடிதம் முதுகுக்குள்ள இருக்குங்க ஐயா" என்றாள் பெத்ரோனா, இந்தத் தடவை தெருவுக்கே கேட்கிற மாதிரி.

கில்லிஸ் மைக்கூட்டை மூடினார். "அப்ப கத்தியை எடு. புத்தகத்தை நான் பிடிச்சுக்கறேன். என் கையை விட்டு அது போகக் கூடாது."

"காயலைன்னியேடி" என்றாள் கோதலீவா. அவ்வளவுதான் சொன்னாள்.

கில்லிஸ் இரண்டு கையாலும் புத்தகத்தை மேஜையில் அழுத்திப் பிடித்தார். பெத்ரோனா குறட்டால் முதுகோரத்துக் குமிழ்களைப் பிடுங்கினாள். நேற்று அடித்த ஆணிகள், சுலபத்தில் வரவில்லை. பிறகு முதுகின் விளிம்பில் கத்தியை வைத்து ஒரே இழுப்பாக இழுத்தாள். வெல்வெட் கிழிகிற சத்தம் மாடிக்குப் போய்விட்டது.

"என்னடி அது சத்தம்?"

போர்வையைச் சுற்றிக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து பவுல்ஸ் இறங்கி வந்தான். கிழிந்த முதுகைப் பார்த்தான். கட்டியக்காரரைப் பார்த்தான். கடைசிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"பைத்தியமாடி உனக்கு? யாரைக் கேட்டு... ஐயா, அவளுக்குப் புத்தி சரியில்லைங்க ஐயா, நான் தைச்சுடறேன், இப்பவே தைச்சுடறேன்..."

"நீங்கதான் பலகைக்குள்ளேருந்து எடுக்கச் சொன்னீங்க" என்று அவள் சொல்லியிருக்கலாம். சொன்னால் பாதிப் பாரம் இறங்கியிருக்கும். "அக்கா குடுத்த கடிதத்தை நான் வெட்டிட்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, அடுப்பிலிருந்த வெந்நீரில் கம்பளித் துணியை நனைத்துப் பிழிந்தாள்.

மாவுப்பசை ஈரத்துக்கு இளகும். ஆனால் அவசரத்துக்கு இளகாது. சூடான துணியை முதுகின்மேல் வைத்தாள், ஆறியதும் எடுத்தாள், மறுபடி வைத்தாள். ஒன்பது அடித்தது. முதல் கீற்றின் முனையை நகத்தால் தூக்கிப் பார்த்தாள், வரவில்லை. இழுத்தால் எழுத்தும் கூடவே உரிந்து வந்துவிடும். ஒன்பதரை. கில்லிஸின் கை மரத்துப்போயிருக்க வேண்டும், அவர் அசையவில்லை. தாள்களுக்குள் ஈரம் இறங்காமல் இருக்க, கேட்காமலே ஒரு கையால் தம் கழுத்துத் துணியை அவிழ்த்துக் கொடுத்தார். பதினோரு மணிக்கு மன்றத்தில் எழுத்தைக் காட்ட வேண்டியதைச் சொல்லிச் சொல்லி, கோதலீவா வாசலுக்கும் மேஜைக்கும் நடந்துகொண்டிருந்தாள். பத்து அடிக்கும்போது முதல் கீற்று வந்தது. பிறகு இரண்டாவது. நாலாவது பாதியில் கிழிந்தது. கிழிந்த மற்றப் பாதிக்காக இன்னும் கால் மணி நேரம்.

ஆறையும் ஒரு பலகையில் வரிசையாக அடுக்கினாள். மை கொஞ்சம் வெளிறியிருந்தது, ஆனால் எழுத்து இருந்தது. கிழவர் பிரபுவின் நடுங்கின கையெழுத்து கடைசிக் கீற்றில் முழுசாக இருந்தது. பெத்ரோனா எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டே போனாள். மூன்றாவது கீற்றில் நிறுத்தினாள்.

"எங்க உன் பேரு?" என்றாள்.

எல்லாக் கீற்றிலும் வலது ஓரம் இரண்டு விரல் இல்லை. ஓரத்தை நறுக்கிச் சமன் செய்தாளே, அந்தத் துண்டுகள். ஒவ்வொரு வரியிலும் கடைசிச் சொல் போயிருந்தது. மூன்றாவது கீற்றின் ஓரத்தில்தான் கோதலீவாவின் பெயர் இருந்திருக்கிறது. அது பானையில் கொதித்து, பசையாகி, அந்தப் புத்தகத்து வெல்வெட்டுக்கு அடியிலேயே காய்ந்துவிட்டது.

"வாங்க, நேரமாச்சு" என்றார் கில்லிஸ். பிளந்த புத்தகத்தைத் துணியில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டார். "இது எங்க கிடைச்சதுன்னு கேட்டா, நான்தானே சொல்லணும்."

சந்தைத் திடல் வழியாக மூன்று பேரும் வேகமாக நடந்தார்கள். பெத்ரோனா பலகையை ரொட்டித் தட்டு மாதிரி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு போனாள். கீற்றுகள் ஈரம், ஒரு காற்று அடித்தால் கால்வாயில்தான். பாலத்தின் நடுவில் கோதலீவா பேசினாள்.

"காலையிலேயே ஏன்டி சொல்லல?"

"பயம்க்கா."

"யாருக்காக?"

பெத்ரோனா பலகையை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

மன்றத்தில் புதுப் பிரபுவின் காரியஸ்தர் முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார். பலகையில் நனைந்த கீற்றுகளைப் பார்த்ததும் கையால் வாயை மூடிச் சிரித்தார். மன்றத் தலைவர் சிரிக்கவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து, உரக்க வாசித்தார். "என் நோயில் இரண்டு குளிர்காலம் என் பக்கத்தில் இருந்து, எனக்கு இரவில் சபை விதிகள் வாசிக்கப்படும்போது மெழுகுவர்த்தி பிடித்த என் பணிப்பெண்..." அங்கே நிறுத்தினார். அடுத்த கீற்றுக்குப் போனார். "...மதகு வீட்டில் சாகும்வரை இருக்கட்டும். என் வாரிசுகள் அவளைத் தொந்தரவு செய்யக் கூடாது."

"கையெழுத்து பெரியவரோடதுதான். நான் மறுக்கல" என்றார் காரியஸ்தர். "ஆனா எந்தப் பணிப்பெண்ணுங்க? மாளிகையில நாலு பேரு இருந்தாங்க. பேரு எங்க?"

"பானையில போட்டுட்டேன்" என்றாள் பெத்ரோனா. பின்னால் நின்ற கூட்டம் சிரித்தது.

"அப்ப மெழுகுவத்தி பிடிச்சது இவதான்னு யாரு சொல்றது? இவளேவா?"

மன்றத் தலைவர் கோதலீவாவைப் பார்த்தார். அந்த இரவுகளில் அறையில் இருந்தது மூன்றே பேர். பிரபு இறந்துவிட்டார். வாசித்த எழுத்தரும் கோடையில் இறந்துவிட்டார்.

கில்லிஸ் தொண்டையைச் செருமினார்.

"நான் யார் பக்கமும் பேச வரல. எண்ணினதைச் சொல்றேன்." துணியை விலக்கிப் புத்தகத்தை மேஜைமேல் வைத்தார். கிழிந்த வெல்வெட் தொங்கிக்கொண்டிருந்தது. காரியஸ்தர் அதைப் பார்த்து எழுந்தேவிட்டார். "இது பெரியவர் வச்சிருந்த புத்தகம். இதுல பன்னெண்டாம் தாள்ல மெழுகுக் கறை இருக்கு. அதுமேல ஒரு விரல் அச்சு. இன்னிக்குக் காலையில, தாளை நான் இந்தப் பெண்ணுக்குக் காட்டறதுக்கு முன்னாலேயே, அது எந்த ஓரத்துல இருக்கு, எவ்வளவு பெரிசு, குறுக்க கோடு எப்படி ஓடுதுன்னு இவ சொன்னா. அப்ப இந்த வீட்டு விஷயமே எனக்குத் தெரியாது. பைண்டிங்காரி மேல பழி விழக் கூடாதுன்னு சொன்னா."

பன்னிரண்டாம் தாளைத் திறந்து வைத்தார். "விரலை வைம்மா."

கோதலீவா ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டாள். இரண்டு முறை துடைத்தாள். கட்டைவிரலைக் கறைக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். தாளைத் தொட பயந்து, ஒரு நூல் இடைவெளியில் நிறுத்தினாள். மன்றத் தலைவர் கண்ணாடியைக் கழற்றி, உருப்பெருக்கி மாதிரி பிடித்துக் குனிந்தார். தழும்பையும் கோட்டையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் பார்த்த நேரம் பெத்ரோனாவுக்கு ஒரு தவக்காலம் முழுவதும் போல் நீண்டது.

"உக்காருங்க காரியஸ்தரே" என்றார் தலைவர். "அவ வீட்டுக்குப் போகட்டும்."

அவ்வளவுதான் வழக்கு. கோதலீவா மதகு வீட்டுக்குத் திரும்பிப் போனாள். கில்லிஸ் அங்கேயே, மன்றத்து மேஜையிலேயே, புத்தகத்தின் கடைசித் தாளில் எழுதினார்: தாள் எண்பத்தெட்டு, குமிழ் ஆறு, முதுகு திறக்கப்பட்டது, உள்ளே இருந்த அந்நியப் பொருள் உரியவரிடம் சேர்ந்தது. படகுக்கு ஓடினார். கெண்ட் நகரத்தில் வேறு யாரோ ராத்திரியோடு ராத்திரியாக முதுகைத் தைத்தார்களாம். புதுப் பிரபு கை வைத்தபோது வெல்வெட் இரண்டு நிறமாக இருந்ததென்று கேள்வி.

சபையிலிருந்து அதன் பிறகு அந்தக் கடைக்கு ஒரு தாளும் வரவில்லை. ஈஸ்டர் வரைக்கும் பவுல்ஸ் பெத்ரோனாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு ஒரு நாள் சாப்பிடும்போது, பீர் கோப்பையைப் பார்த்துக்கொண்டே, "பலகைக்குள்ளேருந்து எடுன்னு சொன்னது நான்தானே" என்றான். "ஆமா" என்றாள். அதற்குப் பிறகு வீட்டில் பேச்சு வந்தது. பள்ளிப் புத்தகம், ஜெபப் புத்தகம், கறிகாய்க் கடைக்காரர்களின் கணக்கேடு என்று பைண்டிங் செய்தே இருவரும் காலத்தை ஓட்டினார்கள். திருகுப்பலகைக்குள் எது போனாலும் யாருடையதென்று எழுதிய சீட்டு ஒன்று அதன் வாயில் தொங்கும். அந்தச் சீட்டு இன்றைக்கும் எங்கள் ஊர் பைண்டிங் கடைகளில் உண்டு.

ஆறு கீற்றையும் ஒரு பலகையில் ஒட்டிக் காயவைத்து, பெத்ரோனாவே மதகு வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். கோதலீவா கதவை முழுக்கத் திறக்காமல் வாங்கிக்கொண்டாள். பதினான்கு வருஷம் அந்த வீட்டில் இருந்தாள். சந்தையில் எதிரில் பார்த்தால் தலையை அசைப்பாள், பேச மாட்டாள். கடிதத்தை வெட்டியதற்காக இல்லை. இன்னும் காயலக்கா என்று சொன்னதற்காக. பெத்ரோனாவுக்கு அது தெரியும். தெரிந்துதான் ஒவ்வொரு தடவையும் முதலில் தலையசைப்பாள்.

கோதலீவா போன மாரியில் இறந்தாள். மூன்றாம் நாள் பக்கத்துக் கன்னியர் மடத்துப் பெண்ணொருத்தி கடைக்கு வந்து, துணியில் சுற்றிய பலகையை நீட்டினாள்.

"சாகறதுக்கு முன்னாடி இத உங்ககிட்ட குடுக்கச் சொன்னாங்கம்மா. 'எனக்கு இனிமே வேண்டாம். மிச்சத்தையும் பானையில போட்டுக்கச் சொல்லு, நான் கோவிச்சுக்க மாட்டேன்'னாங்க. சொல்லும்போது சிரிச்சாங்க."

பெத்ரோனா துணியை அவிழ்த்தாள். ஆறு கீற்று, வலது ஓரம் இல்லாமல். சிரித்தாள். சிரித்துக்கொண்டே ஏப்ரனால் கண்ணை அழுத்திக்கொண்டாள், நெடுநேரம். அன்று பானை அடுப்பில்தான் கொதித்துக்கொண்டிருந்தது. பலகையை எடுத்துக்கொண்டு போய்த் திருகுப்பலகைக்கு வலது பக்கம் வைத்தாள். சென்ற வாரம் நான் போனபோதும் அது அங்கேதான் இருந்தது.